கண்ணியில் ஒரு மனிதர்

எங்கள் கம்பெனியில் கேமராக்கள் கூரையேறி எட்டு மாதம் கழித்துத்தான் அவற்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று கற்றுக்கொள்ள என்னை அனுப்பினார்கள். அவினாசி சாலை ஓட்டல் ஒன்றின் வாசலில் பயிற்சியின் பெயர் நான்கு வரிக்கு நீண்டு தொங்கியது: வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்தும் கொள்கைகளை வகுக்கத் தொழில்முறையாளர்களைத் தயார்செய்யும் மூன்று நாள் பயிற்சி முகாம். எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்து யார் கை எத்தனை நிமிடம் சும்மா இருந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றை இவர்கள் இன்னும் வளர்ந்துவருகிறது என்கிறார்களே என்று வாசலிலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் உள்ளே போனேன். ஏசி அறை, மூன்று வேளையும் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். வேண்டாம் என்று திரும்பிவரும் அளவுக்கு நான் ஒன்றும் யோக்கியமானவள் இல்லை.

நான் பனியன் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். அதிகாரி. அதிகாரி என்பது அட்டையில் இருக்கும் சொல். லீவு லெட்டர் வாங்குவது, ஆள் ஏற்ற வராத வேன் டிரைவரைத் திட்டுவது, ஆடிட் நடக்கும் நாளில் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது, இவைதான் வேலை.

எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தையல் லைன்களைக் கேமரா வைத்துக் கண்காணிக்கிறீர்கள், மகிழ்ச்சி, அதற்கான பாலிசி எங்கே என்று கேட்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், கேமராவுக்கு என்னமோ பாலிசி வேணுமாமுங்க. நானும் நம்ம இன்சூரன்ஸ் ஏஜென்ட்டக் கூப்புட்டு, எல்லாக் கேமராவுக்கும் சேத்துப் போட்டுருங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. அவுரு இது வேற பாலிசிங்கறாரு.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாமே எழுதி வைத்துக்கொள்வதுதான் அந்தப் பாலிசி, அதற்கு மூன்று நாள் பயிற்சி ஒன்றையும் பையரே சொல்லியிருக்கிறார் என்றேன்.

“அதை எழுதறதுக்கு மூணு நாள் படிக்கோணுமுங்களா?” என்றார் அவர். அந்தப் பயிற்சியைப் பற்றி யாரும் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான் என்று பிறகு புரிந்தது. அதுவும் பயிற்சிக்கு வராத ஆள் கேட்டது.

அங்கே போகும்போது என் பையில் ஒரு நிஜமான கேள்வியும் இருந்தது. அது எங்கள் மூன்றாம் லைனில் துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றியது. தென்மாவட்டத்துக்காரர். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த புதிதில் பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்தவர். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் நறுக்குவதுதான் பிசிர் வெட்டுவது. தையல் தெரியாதவர்கள் தொடங்கும் இடம் அது. சாப்பாட்டு நேரத்தில் வெட்டுத்துணியில் தைத்துப் பழகி, அங்கிருந்து மெஷினுக்கு ஏறியவர் அவர். பதினான்கு வருடமாக அதே மெஷின்தான். அவர் கையில் போன துணி டேமேஜ் என்று திரும்பி நான் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இருபது பீஸுக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி, தைத்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பனியன் துணி இழுபடும் துணி. தையல் அதிகம் இறுகியிருந்தால், போட்டுக்கொள்கிறவர் தலையை நுழைக்கும்போது பட்டென்று நூல் அறுந்துவிடும். ஊசி மழுங்கியிருந்தால் துணியில் விழும் பொத்தல் இழுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, செய்யும்படி உத்தரவும் இல்லை. அவராகச் செய்வது.

கேமராவுக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது. மெஷின் ஓடினால் வேலை, நின்றால் சும்மா. அவர் இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் திரையில் அவர் தலைக்கு மேல் சிவப்புக் கட்டம் ஒன்று முளைக்கும். அந்தக் கட்டத்தில் பெயர் இருக்காது, நாற்பத்திரண்டாம் இருக்கை என்று மட்டும் இருக்கும். பாலிசி வரும்வரை அந்தச் சிவப்புக்கு மரியாதை இல்லை. பாலிசி வந்துவிட்டால், சிவப்பு அளவுக்கு மேல் சேர்ந்தவரை மெஷினிலிருந்து இறக்கிவிட வேண்டும். அவர் இறங்கக் கூடாது என்பதுதான் என் கவலை. இதை அந்த அறிவாளிகள் தீர்த்துவைப்பார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

பயிற்சி கொடுத்தவர் பெங்களூரிலிருந்து வந்தவர். நல்ல சட்டை, நல்ல பல். முதல் நாள் காலை ஒரு பெரிய கம்பளி நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார். திருப்பூருக்கு நூல் வாங்கிக்கொண்டு வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி உருண்டையை அடுத்தவருக்கு எறிய வேண்டும். முப்பது பேர் எறிந்து முடித்ததும் நடுவில் ஒரு வலை.

“பாருங்க, நாம எல்லாரும் கனெக்டட். டெக்னாலஜியும் இப்படித்தான்” என்றார்.

எப்படித்தான் என்று யாரும் கேட்கவில்லை. நான் உட்படக் கைதட்டினோம். பிறகு அந்தச் சிக்கலைப் பிரிக்க முடியாமல் ஓட்டல் பணியாளர் கத்தரி கொண்டுவந்து வெட்டிக் குப்பையில் போட்டார். முப்பது பேர், அதில் முக்கால்வாசி பனியன் கம்பெனிகளில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கம் கெட்ட கூட்டம்.

அன்றும் மறுநாளும் ஆளில்லா விமானம், ஓட்டுநர் இல்லாத கார், மரபணு மாற்றம் என்று எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினோம். எங்கள் மேஜைக்கு வந்தது விமானம். மொட்டைமாடியில் பார்சல் இறக்கும் விமானத்துக்கு எத்தனை அடி உயரம் அனுமதிக்கலாம் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பல்லடத்திலிருந்து வந்திருந்த கோழிப்பண்ணை மேலாளர் ஒருவர், விமானச் சத்தத்தில் கோழி முட்டையிடாது என்று அடித்துச் சொன்னார். அவர் ஒருவர்தான் தனக்குத் தெரிந்ததைப் பேசினார். அவருடைய கருத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்தான் எங்கள் தொழிலுக்கு வந்தார்கள். கேமரா தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அதற்கு ஒரு மந்திரம் வைத்திருந்தார்: ஹியூமன் இன் த லூப். இயந்திரம் தானாக எந்த முடிவும் எடுக்காது, நடுவில் ஒரு மனிதர் இருந்து சரிபார்ப்பார், அவர் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். எங்கள் கம்பெனியில் அந்த மனிதர் யார் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கைகாட்டினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

அந்த மனிதர் எதை வைத்து மறுக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் வேண்டுமாம். மெஷின் நிற்பதற்கான நியாயமான காரணங்களை இரண்டு நிமிடத்தில் எழுதச் சொன்னார். மெஷின் ரிப்பேர், கரண்ட் இல்லை, துணிக்கட்டு வரவில்லை, கழிவறை. இந்த நான்கும் எல்லா மேஜையிலிருந்தும் வந்தன. நான் ஐந்தாவதாக ஒன்றை மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: தையலை இழுத்துப் பார்த்தல்.

அவர் படித்துவிட்டு, “இது என்ன மேம்?” என்றார்.

எழுந்து நின்று, என் சுடிதார் கையைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சொன்னேன்.

“இன்ட்ரஸ்டிங். ஆனா இதை அளக்க முடியுமா?”

“நூல் அறுந்தா தெரியுமுங்க.”

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “சூப்பர் பாயின்ட் மேம். இதை பார்க்கிங் லாட்ல போட்டுடலாம்.”

சுவரில் தனியாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, மேலே பார்க்கிங் லாட் என்று எழுதியிருந்தார்கள். பதில் சொல்ல நேரமில்லாத கேள்விகளையெல்லாம் கொண்டுபோய் நிறுத்தும் இடம். வண்டியை நிறுத்தினால் திரும்ப எடுக்கலாம். இங்கே நிறுத்திய கேள்வி ஒன்றுகூட வெளியே வந்து நான் பார்க்கவில்லை. மாலையில் அந்தத் தாளைச் சுருட்டி ரப்பர் போட்டு, எல்லாவற்றுக்கும் மெயிலில் பதில் வரும் என்றார். மெயில் வந்தது. அதில் குரூப் போட்டோ இருந்தது. நான் முதல் வரிசையில் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று இன்னும் ஒருமுறை எழுந்து நின்று கேட்டிருக்கலாம். பசி நேரம், சாப்பாட்டு வாசனை வேறு வந்துவிட்டது. கேட்கவில்லை.

பயிற்சியில் மேஜைமேஜையாக எழுதியதையெல்லாம் தொகுத்துப் பாலிசி தயாரானது. தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ஒட்ட வேண்டும் என்பது பையரின் நிபந்தனை. பயிற்சி நிறுவனமே கம்ப்யூட்டரை வைத்துத் தமிழாக்கி அனுப்பியது. நான் படித்துப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து, தண்ணீர் டேங்க் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டாம் நாள் தண்ணீர் பிடிக்க வந்த நாற்பத்திரண்டாம் இருக்கைக்காரர் நின்று முழுவதையும் வாசித்தார். கம்பெனியில் அதை வாசித்த ஒரே ஆள் அவர்தான், என்னையும் சேர்த்து.

“மேடம், இதுல ‘கண்ணியில் எப்போதும் ஒரு மனிதர் இருப்பார்’னு போட்டிருக்கே. எங்கூர்ப் பக்கம் கண்ணின்னா காடை புடிக்க வைப்பாவ. இதுல உள்ள இருக்கது யாரு, நீங்களா நானா?”

கிட்டப் போய்ப் பார்த்தேன். லூப், அதாவது வளையம், என்பதைக் கண்ணி என்று போட்டிருந்தது. பின்னலின் வளையத்துக்கும் கண்ணி என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த வாக்கியத்தை அப்படிப் படிக்க ஊரில் யாருக்கும் தோன்றாது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். மாற்றி ஒட்டுகிறேன் என்றேன். மாற்றவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலை ஐந்து மணிக்குள் திரையில் வரும் சிவப்புகளை நான் பார்த்து முடிக்க வேண்டும். ஏற்கிறேன் என்று ஒரு பட்டன், மறுக்கிறேன் என்று ஒரு பட்டன். மறுத்தால் காரணம் கேட்கும். நான்கு காரணம். இழுத்துப் பார்த்தல் அங்கே இல்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“அந்தம்மா எப்புடித் தைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அஞ்சாவதா அதையுஞ் சேத்துருங்க” என்றார் அவர், பட்டனைத் தைப்பது போல.

பயிற்சி நிறுவனத்துக்கு எழுதினேன். பாலிசியைத் திருத்த அதற்கென்று தனியாக உள்ள இன்னொரு பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அடுத்த வகுப்பு எப்போது என்று பிறகு அறிவிப்போம் என்று பதில் வந்தது. இரண்டு வார்த்தையைச் சேர்க்க ஒரு வகுப்பு. இந்தப் படிப்பாளிகளைப் பனியன் கம்பெனியில் ஒரு நாள் பிசிர் வெட்டவிட்டால் கத்தரியைப் பிடிக்கவே கமிட்டி போடுவார்கள்.

அவரைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பொய் சொன்னேன். மெஷின் ரிப்பேர் என்றால் மெக்கானிக் பதில் சொல்ல வேண்டும், கரண்ட் இல்லை என்றால் பக்கத்து மெஷின் ஏன் ஓடியது என்று கேட்கும், துணிக்கட்டு வரவில்லை என்றால் சூப்பர்வைசர் மாட்டுவார். யாருக்கும் தொந்தரவில்லாமல் மிஞ்சியது கழிவறை. அவருடைய ஒவ்வொரு சிவப்புக்கும் கழிவறை, கழிவறை என்று அமுக்கிக்கொண்டே போனேன். சிவப்பெல்லாம் பச்சையானது. ஒரு மாதம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாலிசியில் ஏழாவதாக ஒரு பிரிவு இருந்தது. தொழிலாளர் நலன் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் பயிற்சியில் எழுதியது. இயந்திரம் ஒருவரின் உடல்நலக் குறைவை ஊகித்தால் மூன்று நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், முடிவு தெரியும்வரை அவரை மெஷினில் உட்காரவைக்கக் கூடாது. அதைப் படித்தபோது அறையே கைதட்டியது. நான்தான் முதலில் தட்டினேன் என்றுகூட ஞாபகம். ஒரு திங்கட்கிழமை காலை திரையில் மஞ்சள் கட்டம் வந்தது. நாற்பத்திரண்டாம் இருக்கை, அளவுக்கு மீறிய கழிவறைப் பயன்பாடு, உடல்நலப் பரிந்துரை.

கம்பெனி நர்ஸ் சர்க்கரை பார்த்தார், இல்லை. வாரம் ஒருமுறை வரும் டாக்டர், இவ்வளவு தடவை போகிறவர் என்று காகிதம் சொல்வதால், ஸ்கேன் எடுக்கும்வரை லேசான வேலை கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டார். எங்களிடம் லேசான வேலை என்றால் ஒன்றுதான். மறுநாள் காலை அவர் பிசிர் வெட்டும் இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மதியம் என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நான் ஒரு நாளைக்கு இருவத்தெட்டு தடவ கக்கூஸுக்குப் போறேன்னு எழுதியிருக்கியளாமே மேடம்? லைன்ல எல்லாரும் சிரிக்காவ.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு காரணம், பட்டன், வகுப்பு, பதில் இல்லாத மெயில். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இழுத்துப் பாத்தேன்னு எழுத வேண்டியதான? ரெண்டு வார்த்ததான மேடம்.”

“அது லிஸ்ட்ல இல்லீங்க.”

“லிஸ்ட்ட எழுதுனது யாரு?”

சான்றிதழ் என் தலைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் அவர் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார், வடக்கிலிருந்து வந்த பெண், வேகமான கை, நிறுத்துவதே இல்லை, திரை முழுக்கப் பச்சை. முதலாளி சங்கடப்பட்டார். “அடுத்த மெசின் காலியாகட்டுமுங்க” என்றார். அதே வாரம் பயிற்சி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. எங்கள் ஏழாம் பிரிவு வேலை செய்த விதத்தைப் பையர் வெகுவாகப் பாராட்டியிருந்தாராம். இயந்திரம் நோயை ஊகித்து, மனிதர் கவனித்து, தொழிலாளியைக் காப்பாற்றிய கதை. அடுத்த வகுப்பில் வந்து நான் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். அங்கே நோயே இல்லை என்றேன். “அதுதான் மேம், வருமுன் காப்பது” என்றார் அந்த நல்ல பல்காரர். போனை வைத்துவிட்டேன். இவர்களைத் திட்ட வாயில் வார்த்தை வந்தது, ஆனால் அந்த வார்த்தைகள் முதலில் என் மேல்தான் விழ வேண்டும்.

பத்து நாள் பிசிர் வெட்டிவிட்டு அவர் வேலையை விடுவதாகச் சொன்னார். குன்னத்தூர்ப் பக்கம் எட்டு மெஷின் போட்ட சின்ன யூனிட் ஒன்றில் சேரப் போகிறாராம். போக இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே கூரையில் ஒன்றும் இல்லை என்றார். விலகும் படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும். அதையும் பாலிசிக்குப் பிறகு புதிதாக அச்சடித்திருந்தார்கள். விலகக் காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டம்: திருமணம், சொந்த ஊர் திரும்புதல், உடல்நிலை, வேறு வேலை. கம்ப்யூட்டர் உடல்நிலை என்பதில் தானாகவே டிக் போட்டு வைத்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். “எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம்” என்றார் மெதுவாக. “நாளப்பின்ன வேற கம்பெனில கேட்டா, நோயாளின்னுல்லா நெனைப்பாவ. நெசத்த எழுதுங்க.”

வேறு வேலை என்பதும் பாதி நிஜம்தான். உடல்நிலை டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதினேன்: தையலை இழுத்துப் பார்த்ததால் மெஷினிலிருந்து இறக்கப்பட்டார். கீழே என் கையெழுத்தும் போட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எழுதிய ஒரே பாலிசி அதுதான். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். சரி என்பது போலத் தலையாட்டி, பையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அந்தத் தாளை ஸ்கேன் செய்து ஏற்றினேன். இயந்திரம் கட்டங்களை மட்டும் படித்துவிட்டு ஓரத்தை வெட்டிவிட்டது. திரையில் அவருடைய கோப்பில் காரணம் என்ற இடத்துக்கு நேராக உடல்நிலை என்று இருந்தது. பக்கத்தில் சரிபார்த்த மனிதர் என்று என் பெயர் இருந்தது. ஐந்து மணி ஆக இன்னும் சில நிமிடம் இருந்தது. கீழே வழக்கமான இரண்டு பட்டன்கள். மறுக்கிறேன் என்பதை அமுக்கினேன். காரணம் கேட்டது.